பம்பு அடித்த கை

தம்பி,

நீயும் நலம் நானும் நலம் என்பதைப் போன சனிக்கிழமை உன் நிச்சயதார்த்தத்தில் நேரிலேயே பார்த்துக்கொண்டோம், அதனால் அதை விட்டுவிடுகிறேன். இந்த விஷயத்தைப் போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். நீ உளுந்தூர்பேட்டைப் பட்டறையில் ஏதோ ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு "சொல்லுப்பா, சொல்லுப்பா" என்கிறாய். அதற்குள் பின்னால் நாலு பஸ் ஹாரன் அடிக்கிறது. ஹாரன் சத்தத்துக்கு நடுவில் சொல்கிற சங்கதி இல்லை இது. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துப் படி. படித்துவிட்டு வெண்ணிலாவிடமும் கொடு. அவளும் படிக்கவேண்டும் என்றுதான் உனக்குத் தெரிந்த சில விஷயங்களைக்கூட விளக்கமாக எழுதப்போகிறேன்.

சின்னசேலத்தில் பெண் வீட்டில் சாப்பிட்டு முடித்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். வெண்ணிலா டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள், கல்யாணத்துக்கு அப்புறம் உன்னோடு பட்டறையிலேயே வேலை பார்க்கப்போகிறாள் என்று அவள் அப்பா பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண்ணும் கூச்சப்படாமல், "பம்பு ஜாக்கி வேலய எனுக்கு வுட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றது. நீ உடனே கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயோ வேணாம் தாயி! எங்க வூட்ல அத பொம்பளைங்க கையில குடுக்கறதே இல்ல. எங்கம்மா ஒரு தடவ புடிச்சாங்க, ஒருத்தருக்கு ரெண்டு வெரலு போச்சி" என்றாய். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். உன் அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, எச்சில் இலை எடுப்பவர்களோடு சேர்ந்து தானும் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். சம்பந்தி வீட்டில் அவள் எதற்கு இலை எடுக்கவேண்டும்? அதை யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கதையை உனக்குச் சொன்னவனே நான்தான். நான் சொன்னது பொய்.

பொய்க்கு அப்புறம் வருகிறேன். முதலில் உன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அவளைப் பம்போடு பார்த்ததில்லை. நீ பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாய், வரும்போது அவள் அடுப்பங்கரையில் இருப்பாள்.

கச்சிராயபாளையம் ரோட்டில் நம் பட்டறையைப் போட்ட புதிதில் என்னிடம் இருந்தது எல்லாம் சம்மட்டி, நெருப்பு, என் வாய், இந்த மூன்றுதான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம்புகிற மெக்கானிக் ஜாதி நான். துரு ஏறிய போல்ட் கழன்று வரவில்லையா, அடி. இன்னும் வரவில்லையா, காய்ச்சி அடி. அப்படி அடித்து நான் காப்பாற்றிய வண்டியைவிடக் கெடுத்த வண்டி ஜாஸ்தி. பிறகுதான் அந்தப் பம்பு ஜாக்கியை வாங்கினேன். பம்பு ஒரு பக்கம், ஆயில் போகிற ஓஸ் குழாய் ஒரு ஆள் நீளம், அந்தப் பக்கம் உலக்கையில் ஒரு துண்டு வெட்டினதுபோல ஒரு உருளை. பம்பின் கைப்பிடியை அடித்தால் உருளைக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு தண்டு வெளியே வரும். அவ்வளவுதான் சாமான். இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் பத்து டன் தள்ளும். நசுங்கிப்போன டெம்போ கதவுச் சட்டத்துக்கு நடுவில் அதைக் கொடுத்து அடித்தால், சட்டம் சத்தமே போடாமல் பழைய இடத்துக்குப் போய் நிற்கும். சம்மட்டியால் ஒரு நாள் முழுக்க அடித்தாலும் அப்படி வராது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். அவ்வளவு பலத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு அமைதி!

ஆனால் அது ஒரு ஆள் வேலை இல்லை. உருளை பக்கம் ஒருவர் இருந்து பார்க்கவேண்டும், பம்பு பக்கம் ஒருவர் இருந்து அடிக்கவேண்டும். உருளை பக்கம் இருப்பவனுக்குக் கண் இருக்கிறது, கைப்பிடி எவ்வளவு கனக்கிறது என்று தெரியாது. பம்பு பக்கம் இருப்பவனுக்குக் கை சொல்லும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கூட இருந்த ஆள் ஒரு நாள் வேலைக்கு வராமல்போக, சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மாவை, "சும்மா அடி, நான் நிறுத்துன்னா நிறுத்து" என்று உட்கார வைத்தேன். தெரு அடிபம்பில் தினம் இருபது குடம் அடித்த கை. அதற்கு இது எம்மாத்திரம்? வராத ஆள் மறுநாள் வந்தான், வேண்டாம் போய்விடு என்று அனுப்பிவிட்டேன்.

கரும்பு வெட்டு நடக்கிற மாதம் ஒன்றில் ஒரு லாரி வந்தது. முன் சக்கரம் திரும்புகிற இடத்தில் இருக்கும் கிங் பின் பிடித்துக்கொண்டு அசையவில்லை. லோடு கரும்பு வண்டியில் காய்ந்துகொண்டிருக்க, டிரைவர் என் கழுத்தைப் பிடிக்காத குறை. நான் உருளையைக் கொடுத்துவிட்டு "அடி, அடி" என்கிறேன். உன் அம்மா நாலு அடி அடித்தாள், நிறுத்திவிட்டாள். "இன்னா நின்னுட்ட?" என்றேன். "கைப்பிடி கல்லு மாதிரி இருக்குதுங்க. துருவா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா குடுக்கும். இது குடுக்கவே இல்ல. எங்கியோ ஒரு லாக்கு இருக்குது, பாருங்க." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் லாரிக்கு அடியில் கிடந்தவனுக்கு நீ சொல்கிறாயா? கைப்பிடியில் ஒரு குழாயைச் சொருகி நானே அடிக்கப்போனேன். உன் அம்மா கைப்பிடியை விடவில்லை. "இன்னும் அடிச்சா பின்னு வராது, வேற எதுனா ஒடஞ்சிக்கினு வரும்." முனகிக்கொண்டே கிரீஸையும் சேற்றையும் சுரண்டிப் பார்த்தேன். பின்னைப் பூட்டி வைக்கிற சின்ன லாக் போல்ட் உள்ளே அப்படியே இருந்தது. நான் கழற்ற மறந்தது. அதைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவள் இரண்டு அடி அடித்து, "ஓயட்டும், டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். டீக்கடையில் நான் கிளாஸைக் கையில் வாங்கும்போதே பட்டறையில் பின் கழன்று "டங்"கென்று விழுகிற சத்தம் கேட்டது. டிரைவர் அவளை "எக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தது அந்த டீக்கு அப்புறம்தான்.

இதைப்போல எத்தனையோ சொல்லலாம். ஜவ்வரிசி ஆலையில் இறுகின புல்லியைக் கழற்றினது, வளைந்த டிரெய்லர் சட்டத்தை நிமிர்த்தினது. எனக்குத் தெரிந்து பம்பு அடிக்கிறவர்கள் எல்லாரும் ஒன்று பயந்து அடிப்பார்கள், இல்லை வெறி வந்து அடிப்பார்கள். உன் அம்மா அடிப்பது தயிர் கடைகிற மாதிரி இருக்கும். முடிந்ததும் பம்பில் இருக்கிற வால்வைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திறந்து தண்டை உள்ளே விடுவாள். ஒரு முறைகூடப் படக்கென்று விட்டதில்லை. இதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

இப்போது பொய்க்கு வருகிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானையும் கழுவி அடுக்கினோம். ஸ்பானருக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தோம். பம்பு ஜாக்கிதானே பட்டறைக்கு ராஜா, அது தண்டை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தால் பார்க்க நன்றாயிருக்காது என்று, தண்டு முழுக்க வெளியே வரும்படி அடித்து, அந்தப் பளபளப்பின்மேல் விபூதியைக் குழைத்து மூன்று பட்டையாகப் போட்டேன். நடுவில் சந்தனம். சாமி மாதிரியே இருந்தது. மறுநாள் காலையில் தண்டை உள்ளே விடப்போனேன். உன் அம்மா, "தொடச்சிட்டு வுடுங்க, உள்ள போயிடப்போவுது" என்றாள். "சாமிக்கு வச்சதத் தொடைக்கக் கூடாது, அதுவா போவும்" என்றேன். அதுவாகப் போயிற்று, உள்ளேதான் போயிற்று. தண்டைச் சுற்றி ஆயில் வெளியே கசியாமல் பிடிக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும், சீல் என்போம். அதன் உதட்டில் என் பக்தி போய் உட்கார்ந்துகொண்டது.

தீபாவளி நெருங்கும்போது மலையிலிருந்து ஆள் வந்தது. வெள்ளிமலை தாண்டி உள்ளே ஒரு ஊரில் வெள்ளையன் என்பவர் ஜீப் வைத்திருந்தார், உனக்குத் தெரியும். மரவள்ளிக் கிழங்கு, சந்தைக்குப் போகிற ஜனம், எல்லாம் அந்த ஜீப்பில்தான் இறங்கவேண்டும். முன்பக்க ஸ்பிரிங் பட்டையின் முனையில் இருக்கிற புஷ் என்ற சின்ன வளையம் தேய்ந்துபோய், வண்டி அவர் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. நானும் உன் அம்மாவும் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். சட்டத்துக்கும் பட்டைக்கும் நடுவில் உருளையைக் கொடுத்து, இரண்டையும் விலக்கிவிட்டு, அந்தச் சந்தில் கையை விட்டுப் பழைய புஷ்ஷை எடுக்கவேண்டும். உன் அம்மா ஜீப்புக்கு அந்தப் பக்கம் பம்போடு உட்கார்ந்தாள். சந்து விலகியது. ஜாக்கி இறங்கினாலும் சந்து மூடாமல் தாங்க, இந்த இடத்தில் கட்டை வைக்கவேண்டும், தம்பி. ஜாக்கியை நம்பாதே, கட்டையை நம்பு என்று உனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன், ஏன் சொன்னேன் என்று சொன்னதில்லை. உன் அம்மா அந்தப் பக்கத்திலிருந்து, "கட்ட வச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். "ரெண்டு நிமிஷ வேலைக்கு இன்னா கட்ட? நீ பம்ப பாரு" என்றேன். வெள்ளையன், தன் வண்டி என்ற உரிமையில், "நான் எடுக்கறேன் மேஸ்திரி" என்று கையை விட்டார்.

தண்டு உள்ளே இறங்கி, சந்து அவர் கைமேல் மூடிக்கொண்டது. கசிந்துகொண்டிருந்த சீல் அந்தக் கனத்தில் ஒரேயடியாகக் கிழிந்துபோனது, ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அது தெரியாது. வெள்ளையன் அலறினார். நான் அந்தப் பக்கம் திரும்பி, ஊரே கேட்க, "வால்வத் தொறந்துட்டியாடி, பாவி!" என்று கத்தினேன். உன் அம்மா தன் கையைப் பார்த்தாள். கை வால்வின்மேல்தான் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும், கால் சுற்று திறக்கத் தயாராக. "நான் தொறக்கல" என்று அவள் சொல்லவில்லை. "தொறந்துட்டேனா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

வெள்ளையனை வேறு வண்டி பிடித்துக் கீழே கொண்டுவந்து கட்டுப் போட்டோம். இடது கையில் இரண்டு விரல். எலும்பு கூடியது, ஆனால் மடங்காது. அன்று சாயங்காலம் பட்டறையில் தனியாக உருளையைத் துடைத்தேன். தண்டைச் சுற்றி ஆயிலோடு சாம்பல் நிறத்தில் ஒரு சேறு. சீலை நெம்பி எடுத்தேன், உதடு கிழிந்து கிடந்தது, கிழிசலில் விபூதி. சேலத்திலிருந்து வேறு சீல் வாங்கிவந்து மாட்டினேன். பழையதைச் சாக்கடையில் போட்டேன். உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முதல் நாள் பயம், மலையிலிருந்து ஆட்கள் திரண்டு வருவார்களோ என்று. மறுநாள் வெட்கம். அப்புறம் கேட்பவர்களிடமெல்லாம் "பொம்பள கை, வால்வத் தொறந்துட்டா" என்று சொல்லிச் சொல்லி, அதுவே நடந்த கதையாகிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டில் பாவம் என்னிடமும் பழி அவளிடமும் பன்னிரண்டு வருஷம் இருந்தன. உன் அம்மா அதற்கப்புறம் பம்பைத் தொடவில்லை. பட்டறைக்குள்ளேயே வரமாட்டாள், சாப்பாட்டைக் கதவருகில் வைத்துவிட்டுப் போவாள். வருஷா வருஷம் தை மாதம் அரிசியும் வெல்லமும் கட்டிக்கொண்டு மலைக்குப் போய் வெள்ளையன் வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள். நானும் "உன் மலைத் தம்பிக்குச் சீர் கிளம்பிடுச்சா?" என்று கிண்டல் பண்ணுவேன். அது சீர் இல்லை, தம்பி. அது மன்னிப்பு. நான் செய்த தப்புக்கு அவள் கேட்டுக்கொண்டிருந்த மன்னிப்பு.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் காலை அவள் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். விபூதி, சீல், கட்டை, சாக்கடை, ஒன்றையும் விடவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். ஒரு கொட்டையைக்கூட நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வெள்ளையன் தம்பிக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"நாளிக்கி மொத பஸ்ஸுக்குப் போறோம். நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்."

போனோம். அவர் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பிலேயே நின்று சொன்னேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று உனக்குத் தெரியும், அன்றைக்கு நாலே வாக்கியம்தான் சொன்னேன். அவர் களைக்கொத்தைக் கீழே போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் உன் அம்மாவைப் பார்த்துப் பேசினார். "எக்கா, வருசா வருசம் வந்து வாசல்லயே நிப்பியே. உள்ள வான்னா வரமாட்ட. தண்ணி தவுர ஒண்ணும் தொடமாட்ட. எங்கூட்டுக்காரி கூட, நாம மலக்காரங்கன்னு இந்தம்மா சாப்பிடல போலன்னு சொல்லுவா. இதுக்குத்தானா?"

உன் அம்மா தலையை ஆட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, வெரலு என்துது. அத நான் எப்பவோ வுட்டுட்டேன். ஆனா எக்காவுக்கு நீங்க பண்ணது இருக்குதே, அத வுடறதுக்கு நான் யாரு?" அப்போது உன் அம்மா, "தம்பி, வூட்ல சோறு இருக்குதா? பசிக்குது" என்றாள். உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். நான் அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசியில் சாப்பிடுகிறவர்களை அவ்வளவு ஆசையாக நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு முன்னால் நான் எவ்வளவு சின்ன ஆள் என்று அப்போது தெரிந்தது, தம்பி. அந்தக் குடும்பத்தைக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நீ செய்யவேண்டியது இரண்டு. சம்பந்தி வீட்டில் யார் யார் முன்னால் சொல்லிச் சிரித்தாயோ அவர்கள் முன்னாலேயே, தப்பு அம்மாவுடையது இல்லை, அப்பாவுடையது என்று சொல்லு. என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தை சேர்க்காதே. இரண்டாவது, பம்பை வெண்ணிலாவிடம் கொடு. அவள் நிறுத்தினால் ஏன் என்று கேள், அடி என்று கத்தாதே. கட்டை வைத்தாயா என்று அவள் கேட்டால், வைத்திருந்தாலும் இன்னொரு முறை பார். ஏதாவது கெட்டுப்போனால், வாயைத் திறப்பதற்கு முன்னால் உன் பக்கத்து உருளையை முதலில் துடைத்துப் பார்.

உன் அம்மா என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. பேசச் சொல்லி நானும் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. மலையிலிருந்து இறங்கும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கோமுகி அணை தெரிகிற வளைவு வந்தது. அப்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கேஸ் அடுப்ப மூடிட்டேனான்னு ராவிக்கு மூணு தடவ எழுந்து போய்ப் பாக்கறேன். பன்னெண்டு வருசமா. மூடிதான் இருக்கும். ஆனா என் கைய நான் நம்பறதில்ல. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது, தம்பி. பக்கத்தில்தான் படுத்திருந்தேன். தெரியாது.

அப்பா